புள்ளியிட்ட எழுத்தும் எலியின் இரைப்பையும்

மலாயாவின் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மலேரியாவில் தொடங்குவர். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்து கொசுவின் பெருக்கத்தைத் தடுத்ததும், அதே ஆண்டில் திறக்கப்பட்டுக் காய்ச்சலால் முடங்கிப் போகவிருந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் அதனால் பிழைத்ததும் பலரும் அறிந்த செய்திகள். நான் அரிசியில் தொடங்குகிறேன். இக்கட்டுரையின் பொருள் இரைப்பைப் புற்றுநோய். அந்நோயை அறிய மனிதன் எலியிடம் கேட்ட கேள்விகள். எலி தந்த விடைகளுள் மனிதனுக்குப் பொருந்தியவை, பொருந்தாதவை. ஆயினும் ஒரு விலங்கின் உடலில் கண்டதை மனித உடலுக்கு ஏற்றிச் சொல்லலாமா என்னும் வினா நம் கோலாலம்பூரில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுந்து விடையும் கண்ட வினா. ஆகவே அங்கிருந்து புறப்படுவதே முறை.

1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஒரு நோயியல் ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்றது அதுவே. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட். அந்நாளில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்று கொண்டிருந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், நெஞ்சு அடைக்கும். இது தொற்றுநோய் என்று ரைட் கருதினார். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் அதை ஏற்கவில்லை. அவர் நுண்ணோக்கியை நம்பியதைவிட மக்களின் சோற்றுப் பானையை நம்பினார் எனலாம். வெளிநாட்டிலிருந்து வந்த தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் நோயில் வீழ்ந்தனர். தம் வீட்டில் அவ்வப்போது குற்றிய அரிசியை உண்ட மலாய்க் கிராமத்தார் பெரிதும் தப்பினர். புழுங்கலரிசி உண்ட தமிழரும் தப்பினர். மூன்று இனம், மூன்று அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நம் பாட்டிமார்க்கும் தெரியாது, ஆனால் அவித்தார்கள்.

பிராடனின் கருத்தைச் சோதிக்க, கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் 1905ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்ணினர்க்கு வெள்ளையரிசி, இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி என வகுத்தார். வெள்ளையரிசி உண்டவருள் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். மறுபக்கத்தில் அவ்வாறு நேரவில்லை. இச்சோதனையை மருத்துவ வரலாற்று நூல்கள் இன்றும் மெச்சுகின்றன. என் மனம் முழுதாக மெச்சவில்லை. 'எனக்கு எந்த அரிசி?' என்று கேட்க இயலாத மனிதரை வைத்து நடத்திய சோதனை அது. விலங்கை வைத்துச் செய்ய வேண்டியதை மனிதரை வைத்துச் செய்தார்கள் என்று ஒருவர் குறைகூறினால் மறுக்க இயலாது.

விலங்கும் விரைவில் வந்தது. ஜாவாவில் எய்க்மான் முன்னரே கோழிகளில் இத்தகைய நோயைக் கண்டிருந்தார். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவர் ஜெலெபுப் பகுதியில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடையே அரிசிச் சோதனையை நடத்திய பின், கோலாலம்பூரில் கோழிகளைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தனர். வெள்ளையரிசி தின்ற கோழி கால் தளர்ந்து விழுந்தது. தவிட்டின் சாரத்தை ஊட்டியதும் எழுந்து நின்றது. கோழியும் மனிதனும் இந்த ஒரு செய்தியில் ஒத்தவர்கள். கோழி சொன்னது மெய்யாயிற்று. அந்த வெற்றியும் அதையொத்த வேறு பல வெற்றிகளும் சேர்ந்து, விலங்கில் கண்டது மனிதனில் இருக்கும் என்ற நம்பிக்கையை உலகெங்கும் ஆழ ஊன்றிவிட்டன.

அந்நம்பிக்கைக்கு இரைப்பைப் புற்றுநோய் ஒரு பெருஞ்சோதனையாயிற்று. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் யோகான்னஸ் பிபிகர் என்னும் நோயியல் அறிஞர், எலிகளின் இரைப்பையில் கட்டிகளையும் அக்கட்டிகளுக்குள் ஒருவகைப் புழுவையும் 1907ஆம் ஆண்டளவில் கண்டார். கரப்பான் பூச்சியின் உடலில் வளர்ந்து எலிக்குச் செல்லும் புழு அது. சர்க்கரை ஆலையொன்றின் எலிகளையும் கரப்பான்களையும் பிடித்து ஆராய்ந்து, கரப்பானை எலிக்கு ஊட்டிக் கட்டியை உண்டாக்கியும் காட்டினார். 1913ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானபோது, புற்றுநோயை மனிதன் தன் கையாலேயே ஓர் உயிரில் தோற்றுவித்துவிட்டான் என்று உலகம் வியந்தது. 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் 1928இல் மறைந்தார். பிற்காலத்து ஆய்வாளர் அச்சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அந்த எலிகளின் உணவில் வைட்டமின் ஏ குறைந்திருந்ததே பெருங்காரணம் என்றும், அவர் கண்ட கட்டிகளை உண்மையான புற்று எனக் கொள்ள இயலாது என்றும் தெரிந்தது.

பிபிகரைக் குறைத்து மதிப்பிடுதல் என் நோக்கமன்று, உழைப்பாளி அவர். ஆனால் அவர் பார்த்த இடத்தை நாம் பார்க்க வேண்டும். எலிக்கும் சுண்டெலிக்கும் இரைப்பை இரண்டு பகுதியாக அமைந்தது. மேற்பகுதி தின்றதைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம், அதன் உட்புறத் தோல் உணவுக்குழாயின் தோலைப் போன்றது, அமிலம் சுரப்பதில்லை. கீழ்ப்பகுதியே சுரப்பிகள் நிறைந்த உண்மையான செரிமான இரைப்பை. மனிதனுக்கு அந்த மேற்பகுதி இல்லவே இல்லை. பிபிகரின் கட்டிகள் வளர்ந்தது அந்த மேற்பகுதியில். மனிதனிடம் இல்லாத ஓர் உறுப்பில் தோன்றிய நோயை மனித நோயின் படியாகக் கொண்டது அக்காலம்.

சுரப்பி இரைப்பையில் புற்றை உண்டாக்கும் வழியை ஜப்பானியர் கண்டனர். இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த நாடு அது. ஆகவே அவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 1967ஆம் ஆண்டு தோக்கியோவில் சுகிமுராவும் புஜிமுராவும் ஒரு நைட்ரோசோ வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்து, மனித நோயை ஒத்த புற்றைச் சுரப்பி இரைப்பையிலேயே தோற்றுவித்தனர். வியப்பு என்னவெனில், எலியை வீழ்த்திய அதே பொருள் சுண்டெலியின் சுரப்பி இரைப்பையை எளிதில் வீழ்த்தவில்லை. அதற்கு வேறொரு வேதிப்பொருள் தேவைப்பட்டது. எலிக்கும் சுண்டெலிக்குமே இவ்வளவு வேறுபாடு எனில் சுண்டெலிக்கும் மனிதனுக்கும் எவ்வளவு இருக்கும்!

இதன்பின் வந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரக் கதை. ராபின் வாரன் இரைப்பைத் திசுவில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். பேரி மார்ஷலும் அவரும் சேர்ந்து 1982இல் அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தனர். இன்று ஹெலிக்கோபேக்டர் பைலோரி என அழைக்கப்படும் நுண்ணுயிர் அது. அதுதான் இரைப்பை அழற்சிக்குக் காரணம் என்பதை விலங்கில் காட்ட வேண்டுமே! மார்ஷல் பன்றிக்குட்டிகளுக்கு ஊட்டிப் பார்த்தார், தொற்றவில்லை. இறுதியில் 1984ஆம் ஆண்டு, வளர்த்த நுண்ணுயிரைத் தாமே குடித்தார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. இரைப்பையில் அழற்சி உறுதிப்பட்டது. 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். விலங்கு பேச மறுத்தபோது மனிதன் தன் வயிற்றையே சாட்சியாக வைத்த நிகழ்ச்சி இது.

1994ஆம் ஆண்டு, உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்நுண்ணுயிரை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. இதில் மாணவர் நின்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த முடிவு மனிதரிடம் கண்ட சான்றுகளால் எட்டப்பட்டது. விலங்குச் சான்று அப்போது போதுமானதாக இல்லை. சுண்டெலியில் நிலைத்து வாழக்கூடிய ஒரு வகையைச் சிட்னி நகர ஆய்வாளர் தேடிப் பிடித்து வெளியிட்டதே 1997இல்தான். அந்த வகை சுண்டெலியின் இரைப்பையில் பல மாதம் குடியிருந்தும், பெரும்பாலும் மெல்லிய அழற்சியோடு நின்றுவிட்டது. 1998ஆம் ஆண்டு ஜப்பானில் மங்கோலிய மணல் எலி என்னும் வேறொரு கொறிவிலங்குக்கு இந்நுண்ணுயிரை ஊட்டி 62 வாரம் காத்திருந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் புற்றுநோய் தோன்றியது. மனிதனில் முடிந்த வழக்குக்கு விலங்கு பின்னர் வந்து சாட்சி கூறியது.

இனி, உள்ளே செல்வோம். ஒரே நுண்ணுயிர், மனிதனில் புற்றாகிச் சுண்டெலியில் அழற்சியோடு நிற்பது ஏன்? உறுப்பமைப்பு ஒரு காரணம், அதைக் கண்டோம். இன்னொரு காரணம் மரபணுவின்மேல் இடப்படும் குறிகளைப் பற்றியது. இதைப் புறமரபியல் என்பர். பெயர் மருட்டும், பொருள் தமிழாசிரியர்க்கு எளிது.

'பல' என எழுதுகிறோம். இறுதி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் 'பல்' ஆகிறது. எழுத்து மாறவில்லை, லகரம் லகரமாகவே நிற்கிறது. அகரத்தின் ஒலி மட்டும் அடங்கிவிட்டது, பொருளே வேறாகிவிட்டது. டி.என்.ஏ. என்னும் நூல் நான்கு எழுத்துகளால் ஆனது. அவற்றுள் சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறு ஒட்டிக்கொள்ளும். இதுவே அந்தப் புள்ளி. ஒரு மரபணுவின் முகப்பில் இத்தகைய புள்ளிகள் நெருங்கி விழுந்தால் அம்மரபணு ஊமையாகிறது. எழுத்துப் பிழை ஏதுமில்லை. நூல் முழுதும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் வாசிக்க இயலாது.

இந்த உவமை இன்னும் சிறிது தூரம் வரும். பனையோலையில் எழுதியோர் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் விட்டனர். படிப்போர் இடமறிந்து ஒலித்துக்கொண்டனர். படியெடுக்கும்போது எழுத்து நின்றாலும் புள்ளி நழுவக்கூடும் என்பது நாம் அறிந்ததே. உயிரணு இரண்டாகப் பிரியும்போதும் அவ்வாறே. எழுத்துகளைப் பெயர்த்தெழுத ஒரு நொதியும், அதன் பின்னே சென்று பழைய ஓலையைப் பார்த்துப் புள்ளிகளை வைக்க இன்னொரு நொதியும் உள்ளன. இந்த இரண்டாம் ஏடெழுதி தவறினால் புள்ளி குறையும். இல்லாத இடத்தில் வைத்தால் மிகும். இரண்டும் கேடே. 'புறமரபு' என்னும் எண்ணத்துக்கு 1942இல் வாடிங்டன் பெயர் வைத்தார். மெத்தில் புள்ளி உயிரணுவின் தலைமுறைகளுக்குச் செல்லும் ஒரு குறியாக இருக்கலாம் என்று 1975இல் ஹாலிடேயும் பியூவும், தனியாக ரிக்ஸ் என்பவரும் எழுதினர். புற்றுத் திசுவில் இப்புள்ளிகள் மாறியிருப்பதை 1983இல் பைன்பெர்க்கும் வோகெல்ஸ்டைனும் காட்டினர்.

மனித இரைப்பையில் நடப்பது என்ன? தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் உஷிஜிமாவும் அவர் குழுவினரும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். புற்றுநோய் இல்லாதவரின் இரைப்பையை எடுத்துப் பார்த்தனர். ஹெலிக்கோபேக்டர் தொற்றியோரிடம் சில மரபணுக்களின் முகப்பில் புள்ளிகள் பன்மடங்கு மிகுந்திருந்தன. சிலவற்றில் நூறு மடங்குக்கும் மேல். கட்டி தோன்றும் முன்பே நிலம் பண்படுத்தப்பட்டுவிடுகிறது. உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் ஈ-கேடரின், பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி16, எழுத்துப் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 ஆகிய காவலர்கள் மனித இரைப்பைப் புற்றில் பெரும்பாலும் இவ்வாறே வாயடைக்கப்படுகின்றனர். பிழை திருத்துவோனையே ஊமையாக்கிவிட்டால் அப்புறம் நூல் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புள்ளியை வைப்பது நுண்ணுயிரா, அழற்சியா? இதற்கு விடை சொன்னது மணல் எலி. 2010இல் அதே குழு, தொற்றிய மணல் எலிகளுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தது. நுண்ணுயிரின் தொகை குறையவில்லை, அழற்சி குறைந்தது, புள்ளியிடுதலும் குறைந்தது. ஆகவே குற்றவாளி அழற்சி. இதை மனிதரிடம் ஒருபோதும் செய்து பார்த்திருக்க முடியாது. விலங்குச் சோதனையை முற்றிலும் பயனற்றது என்று பழிப்போர் இந்த ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்.

சுண்டெலிக்குத் திரும்புவோம். அதன் இரைப்பையில் இந்நுண்ணுயிர் மூட்டும் அழற்சி மெலிது. எனவே புள்ளியிடும் கையும் மெலிது. அன்றியும், புள்ளிகள் நெருங்கி விழக்கூடிய முகப்புப் பகுதிகளே மனிதனிலும் சுண்டெலியிலும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. படிவளர்ச்சியின் போக்கில் சுண்டெலி அவற்றுட் சிலவற்றை இழந்துவிட்டது என அன்டிக்குவேராவும் பேர்டும் 1993இல் காட்டினர். மனிதனில் புள்ளியால் மூடப்படும் ஒரு கதவு, சுண்டெலியில் அந்த வகைத் தாழ்ப்பாளே இல்லாத கதவாக இருக்கக்கூடும். எனவே ஆய்வாளர், மனிதனில் புள்ளியால் அடங்கும் மரபணுவைச் சுண்டெலியில் வெட்டியே எடுத்துவிடுகின்றனர். புள்ளியிட்டு ஒலியை அடக்குவதும் எழுத்தையே சுரண்டி எறிவதும் ஒன்றாகுமா? நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுக்கு ஈ-கேடரின் மரபணுவின் பழுதே காரணம் என 1998இல் தெரிந்தது. அத்தகையோரிடம் நல்ல நிலையிலுள்ள மற்றொரு படியைப் பல வேளைகளில் மெத்தில் புள்ளி அடக்கிவிட, நோய் மூள்கிறது. அதே மரபணுவின் ஒரு படியை நீக்கிய சுண்டெலியோ தானாகப் புற்றடைவதில்லை. முதல் அடி விழுந்தும் இரண்டாம் அடி அங்கு விழவில்லை.

இரைப்பை உயிரணு தன் வேடத்தை மாற்றிக்கொள்வதிலும் வேறுபாடு உண்டு. நெடுநாள் அழற்சியுற்ற மனித இரைப்பையின் உட்புறம் சிறிது சிறிதாகக் குடலின் உட்புறத்தைப் போல் மாறுகிறது. கொலம்பிய நாட்டு அறிஞர் பெலாயோ கொரேயா 1975இலேயே இப்படிநிலைகளை வகுத்தார். சுண்டெலியில் இந்தக் குடல் வேடம் அரிது. அங்கு வேறொரு வேடம் தோன்றுகிறது. மேலும், 2014ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று 295 கட்டிகளை ஆராய்ந்து இரைப்பைப் புற்றை நான்கு வகையாகப் பிரித்தது. அவற்றுள் நூற்றுக்கு ஒன்பது எப்ஸ்டைன்-பார் என்னும் நச்சுயிர் குடிகொண்டவை. மெத்தில் புள்ளிகள் மிக மிக மிகுந்த வகையும் அதுவே. அந்நச்சுயிர் சுண்டெலியைத் தொற்றுவதில்லை. அவ்வகை நோயை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

காலத்தையும் கருத வேண்டும். மனிதன் இந்நுண்ணுயிரைக் குழந்தைப் பருவத்தில் பெறுகிறான். புற்று தோன்றினால் அறுபது வயதளவில் தோன்றும். அரை நூற்றாண்டு அழற்சி, அரை நூற்றாண்டுப் படியெடுப்பு, அரை நூற்றாண்டுப் புள்ளிப்பிழை. ஆய்வுக்கூடச் சுண்டெலியின் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டு. மூப்பினால் புள்ளிகள் இடம்பெயர்வது மனிதனைவிடச் சுண்டெலியில் விரைவு என்று 2017இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. ஆயினும் விரைந்து ஓடும் கடிகாரம் வேறு, நெடிது ஓடிய கடிகாரம் வேறு.

இவ்வளவும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நமக்குத்தான் வேண்டும். பிராடன் மூன்று இனத்தின் சோற்றுப் பானையைப் பார்த்தது போல், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கோ கியான் லீ என்னும் இரைப்பை மருத்துவப் பேராசிரியர் மூன்று இனத்தின் இரைப்பையைப் பார்த்தார். நுண்ணுயிரியல் அறிஞர் பராசக்தி அவருடன் உழைத்தார். 1990களிலும் அதன் பின்னரும் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுகளின்படி, ஹெலிக்கோபேக்டர் தொற்று மலாய்க்காரரிடம் குறைவு, சீனரிடம் மிகுதி, இந்தியரிடமும் மிகுதி, சில ஆய்வுகளில் எல்லோரினும் மிகுதி. கிளந்தானில் 1994ஆம் ஆண்டளவில் நடந்த ஆய்வு அம்மாநில மலாய்க்காரரிடம் இத்தொற்று உலகில் அரிதாகக் காணும் அளவுக்குக் குறைவு எனக் கண்டது. அங்கு இரைப்பைப் புற்றும் குறைவு. இதுவரை கணக்கு நேர். ஆனால் சீனருக்கு நிகராகவோ மேலாகவோ தொற்றுடைய இந்தியரிடம், சீனரிடம் காணும் அளவுக்கு இரைப்பைப் புற்று காணப்படவில்லை. சீன இனத்தவராயிருப்பதும் தொற்றுடையவராயிருப்பதும் தனித்தனியே இரைப்பைப் புற்றுக்கு வாய்ப்பைக் கூட்டுகின்றன என 2007இல் அவர்களது ஆய்வு வெளிவந்தது. ஆய்வாளர் இதை 'இந்தியப் புதிர்' என வழங்குவர். நம்மையே பொருளாகக் கொண்ட புதிர் ஒன்று உலக மருத்துவ ஏடுகளில் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அரைகுறையாகத் தெரிந்தால் வரும் தீங்கையும் கண்டிருக்கிறேன். என்னுடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர், கிள்ளான்காரர், ஆண்டுக்கணக்கில் 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லிக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவந்தார். எடை குறைந்தது. "மருத்துவமனைக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்துவிடுங்கள் ஐயா" என்றேன். "தம்பி, அந்த நோய் சீனருக்கு வருவது. நமக்கு மஞ்சளும் மிளகும் காவல். நாளிதழில் போட்டிருந்தானே, மஞ்சள் கொடுத்து எலிக்கே புற்றைக் குணமாக்கிவிட்டார்களாம்" என்றார். நாளிதழில் அப்படி வந்திருந்தது மெய். எந்த எலி, எந்தப் பகுதி, எதனால் உண்டாக்கிய கட்டி என்று அதில் இல்லை. அவர் மருத்துவமனைக்குச் சென்றபோது நோய் இரைப்பையைக் கடந்திருந்தது. ஓர் இனத்தில் நோய் குறைவு என்னும் எண்ணிக்கை அவ்வினத்தின் தனி ஒருவர்க்குக் கவசமாகாது. எலியில் வென்றது என்னும் செய்தி மனிதனில் வென்றது என்னும் செய்தி ஆகாது. இவ்விரண்டையும் வகுப்பறையில் சொல்லித் தருவதற்கு அறிவியல் ஆசிரியர்தாம் வேண்டும் என்பதில்லை. மொழியாசிரியரே சொல்லலாம், இது வாசிப்பின் பிழை.

இந்தியப் புதிருக்கு விளக்கம் தேடியோர் பல வழி சென்றனர். உணவு ஒரு வழி. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவைக் குற்றஞ்சாட்டியோரும் நம் மசாலையைப் புகழ்ந்தோரும் உண்டு. மசாலையைப் பற்றிய புகழ் இன்னும் உறுதிப்படவில்லை என்பதே என் துணிபு. நுண்ணுயிரின் வகை இன்னொரு வழி. இதில்தான் வரலாறு மிளிர்கிறது. 2003ஆம் ஆண்டு, உலகின் பல நாட்டு ஹெலிக்கோபேக்டர் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், மனிதக் குடிபெயர்வின் தடம் அவற்றில் பதிந்திருப்பதைக் கண்டனர். தாயிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் குழந்தைக்குச் செல்வதால் அந்நுண்ணுயிர் குடும்பத்தோடு பயணம் செய்கிறது. 2009ஆம் ஆண்டு மலேசியாவின் மூன்று இனத்து நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோது, சீனரிடம் கிழக்காசிய வகையும், இந்தியரிடம் தென்னாசியாவுக்குரிய வகையும் இருந்தன. மலாய்க்காரரிடம் இருந்தவற்றுள் பல இந்தியரின் வகையைச் சேர்ந்தவை. அண்மைக் காலத்தில் இந்தியரிடமிருந்து சென்றிருக்க வேண்டும் என ஆய்வாளர் முடிவு கட்டினர். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிய நம் முன்னோர் துணிமூட்டையும் பித்தளைச் செம்பும் மட்டுமா கொண்டுவந்தனர்? இரைப்பைக்குள் ஓர் ஊர்க்குறிப்பையும் கொண்டுவந்தனர். தோட்டத்து லயங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் அக்குறிப்பு பிள்ளைகளுக்குப் பெயர்த்தெழுதப்பட்டது. எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத குடும்பத்துக்கும் இந்த ஏடு உண்டு.

அந்த இரு வகைக்கும் வேறுபாடு பெயரளவினதன்று. கேக்-ஏ என்னும் புரதத்தை நுண்ணுயிர் நம் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. மலேசியச் சீனரிடம் பெரிதும் காணும் கிழக்காசிய வடிவம் உயிரணுவின் கட்டளைகளை வலுவாகக் குலைக்கிறது. இந்தியரிடம் பெரிதும் காணும் வடிவம் அதனினும் மென்மையானது. புதிரின் ஒரு முடிச்சு இங்கு அவிழ்கிறது எனலாம்.

மற்றொரு முடிச்சுக்குச் சுண்டெலியே வழிகாட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் பாக்ஸ் குழுவினர், பூனையின் இரைப்பையில் காணும் ஹெலிக்கோபேக்டர் இனமொன்றைச் சுண்டெலிக்கு ஊட்டினர். அவற்றுட் சிலவற்றுக்குக் குடற்புழுவையும் சேர்த்து ஊட்டினர். புழுவுடைய சுண்டெலிகளின் இரைப்பை குறைவாகவே சிதைந்தது. புழு, உடலின் எதிர்ப்பை வேறு பக்கம் திருப்பிவிட்டது. தொற்று மிகுந்தும் புற்று குறைந்த ஆப்பிரிக்கப் பகுதிகளை விளக்கச் செய்த சோதனை அது. நமக்கோ தோட்டத்தின் நினைவு வருகிறது. கொக்கிப்புழு மலாயாத் தோட்டங்களில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை அறிய ராக்பெல்லர் அறநிறுவனம் 1915ஆம் ஆண்டு ஒரு குழுவையே அனுப்பியது. வெறுங்காலோடு பால்மரம் வெட்டிய தலைமுறையின் இரத்தத்தை உறிஞ்சிய புழு, அதே தலைமுறையின் இரைப்பையை ஓரளவு காத்ததா? சுண்டெலி எழுப்பிய ஐயம் இது, மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்டதன்று. மெய்யாயின், காலில் செருப்பும் வீட்டில் கழிப்பிடமும் பெற்ற அடுத்த தலைமுறைக்குப் புழுவின் காவல் இல்லை. நுண்ணுயிர் மட்டும் மீந்தவர் இருப்பர். புழு குறைந்த காலத்தில் பழைய தலைமுறையின் எண்ணிக்கையை நம்பி இருப்பது எவ்வளவு பொருந்தும் என்பதை மருத்துவர்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நுண்ணுயிரை மருந்தால் ஒழிக்கலாம். இரு வார அளவில் முடியும் மருத்துவம் அது. ஒழித்தபின் மெத்தில் புள்ளிகளுள் ஒரு பகுதி மறைகிறது. ஒரு பகுதி நிலைத்துவிடுகிறது. ஜப்பானில் தொடக்க நிலைப் புற்றை அகற்றி, நுண்ணுயிரையும் ஒழித்த நோயாளர் பலரைத் தொடர்ந்து கண்காணித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், எஞ்சிய இரைப்பையில் புள்ளி மிகுந்திருந்தவர்க்கே மறுபடி புற்று தோன்றும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. இந்த அறிவைச் சுண்டெலி தரவில்லை. ஆண்டுதோறும் குழாயை விழுங்கப் படுத்துக்கொடுத்த மனிதர்கள் தந்தது. பிளெட்சரின் விடுதியில் நின்றவர்களைப் போலன்றி, கேட்டறிந்து இசைந்து தந்தது. குழாயின் நுனியிலுள்ள இடுக்கி அதற்காக அவர்களின் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுக்கும் திசு ஒரு குறுநொய்யளவுதான் இருக்கும்.